301 போட்டாச்சு, அதற்கு மேல் எச்எஸ்டிஎஸ் தேவையா? சிற்றிதழ்த் தளத்துக்கு யோசனை வேண்டும்

வடகரை:
எல்லாருக்கும் வணக்கம். நண்பர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு சிற்றிதழின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு சர்வர், என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் மென்பொருள், லெட்ஸ் என்க்ரிப்டின் இலவசச் சான்றிதழ். பூட்டில்லாத எச்டிடிபியில் யார் வந்தாலும் பூட்டுள்ள எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தள்ளிவிடும்படி 301 ரீடைரக்ட் போட்டிருக்கிறேன்.

போன வாரம் ஒரு வாசகர் ஆசிரியரைக் கூப்பிட்டு, ஒரு லாட்ஜின் வைஃபையில் நம் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறது என்று சொல்லியிருக்கிறார். சர்வரில் எல்லாம் பார்த்தேன், கோப்புகள் சுத்தமாக இருக்கின்றன. பிரவுசர் எப்போதும் பூட்டுள்ள இணைப்பிலேயே வரும்படி கட்டாயப்படுத்த வேண்டும் என்று தேடியபோது ஒரு வலைப்பதிவில் எச்எஸ்டிஎஸ் ஹெடர் (சர்வர் தன் பதிலோடு பிரவுசருக்கு அனுப்புகிற குறிப்பு வரி) ஒன்று கிடைத்தது. மேக்ஸ்-ஏஜ் 63072000 நொடி (இரண்டு வருஷம்), கூடவே இன்க்ளூட்-சப்டொமைன்ஸ், ப்ரீலோட். அதை அப்படியே ஒட்டிவிடலாமா?

கூடுதல் தகவல்: இரண்டு சப்டொமைன்கள் (எங்கள் டொமைன் பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த கிளை முகவரிகள்) உண்டு. ஒன்று பழைய இதழ்களின் காப்பகம், வேறொரு ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருக்கிறது. இன்னொன்று சந்தா கணக்கு. அது அலுவலகத்துக் கணினியிலேயே ஓடுகிறது, உள் ஐபிதான், எச்டிடிபி மட்டும்.

தூங்காநகரம்:
ஒட்டாதீங்க தம்பி! கடைசிப் பத்தியில் சொன்னீங்களே சந்தா கணக்கு, அது அன்றைக்கே படுத்துவிடும். ராத்திரி வந்து விரிவாக எழுதுகிறேன், அதுவரை கை வைக்காதீங்க.

போர்ட்80:
301 இருக்கிறதே, அதற்கு மேல் என்ன? எவன் எச்டிடிபியில் வந்தாலும் சர்வரே திருப்பிவிடுகிறது. வேலை முடிந்தது. லாட்ஜ்காரன் விளம்பரம் போட்டால் அது லாட்ஜ்காரனின் பிரச்சினை.

கட்டளைவரி:
@போர்ட்80, சர்வர் திருப்பிவிடுவது சரி. ஆனால் அந்த 301 எதில் வருகிறது? பூட்டில்லாத எச்டிடிபியில். நடுவில் இருக்கிற ரவுட்டர் நினைத்தால் அந்தப் பதிலைத் தானே வைத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுக்கலாம். வாசகர் பார்த்தது அநேகமாக இதைத்தான்.

இது புதுக் கதையில்லை. 2009-இல் பிளாக் ஹாட் என்கிற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் 'எஸ்எஸ்எல்ஸ்ட்ரிப்' என்று ஒரு கருவியைக் காட்டினார். நடுவில் உட்கார்ந்திருப்பவன் உங்கள் சர்வரோடு எச்டிடிபிஎஸ்ஸில் ஒழுங்காகப் பேசுவான், பயனரோடு வெறும் எச்டிடிபியில் பேசுவான். பக்கத்தில் வருகிற எச்டிடிபிஎஸ் சுட்டிகளை எல்லாம் எச்டிடிபியாக மாற்றிக் கொடுப்பான். சர்வருக்கு எல்லாம் பாதுகாப்பாகத் தெரியும். பயனருக்கு ஒரு எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் எந்தச் சான்றிதழும் உடைக்கப்படவில்லை. யாரும் முகவரியில் எச்டிடிபிஎஸ் என்று முழுசாகத் தட்டுவதில்லை என்கிற ஒரே பழக்கத்தின் மேல் நிற்கிற தாக்குதல் இது.

அதற்கான மருந்துதான் எச்எஸ்டிஎஸ். அதன் இணையத் தரநிலை ஆவணம் ஆர்எஃப்சி 6797, 2012 நவம்பரில் வந்தது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் அதற்கு முன்பே ஆதரிக்கத் தொடங்கிவிட்டன. எச்டிடிபிஎஸ்ஸில், பிழையில்லாத சான்றிதழோடு வந்த பதிலில் இந்த ஹெடர் இருந்தால் பிரவுசர் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். மேக்ஸ்-ஏஜில் எத்தனை நொடி சொல்லியிருக்கிறதோ அத்தனை நொடிக்கு அந்தப் பெயருக்கு எச்டிடிபியில் ஒரு பாக்கெட்கூட வெளியே போகாது. பயனர் எச்டிடிபி என்று தட்டினாலும் பிரவுசரே உள்ளுக்குள் மாற்றிவிடும். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பக்கத்தில் பார்த்தால் 307 என்று காட்டும். அது உங்கள் சர்வர் கொடுத்ததல்ல, குரோம் தனக்குத்தானே போட்டுக்கொண்டது.

மூன்று விஷயம் பலருக்குத் தெரியாது. எச்டிடிபி பதிலில் இந்த ஹெடரைப் போட்டால் பிரவுசர் கண்டுகொள்ளாது, ஆகவே எச்டிடிபிக்கான 80-ஆம் போர்ட்டின் சர்வர் பிளாக்கில் அதை எழுதிப் பிரயோஜனமில்லை. வெறும் ஐபி முகவரிக்கு இது செல்லாது. மூன்றாவதுதான் பெரியது: எச்எஸ்டிஎஸ் பதிந்த தளத்தில் சான்றிதழ்ப் பிழை வந்தால், "பரவாயில்லை, உள்ளே போ" என்கிற வாய்ப்பைப் பிரவுசர் தராது. கதவு சாத்தினது சாத்தினதுதான்.

போர்ட்80:
கதையும் கவிதையும் போடுகிற தளம். பேங்க் இல்லை. கவிதையைத் திருடி எவன் என்ன செய்யப்போகிறான்? சும்மா மிரட்டாதீர்கள்.

மீனலோசனி:
திருடுவதைப் பற்றி யார் பேசினார்கள்? நுழைப்பதுதான் பிரச்சினை. 2015 மார்ச்சில் மென்பொருள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தை நாள்கணக்கில் திணறடித்தார்களே, அந்தத் தாக்குதலுக்கு ஆயுதமாக இருந்தது யார் தெரியுமா? சீனாவுக்கு வெளியே இருந்து சீனத் தேடுபொறி பைடுவின் ஸ்கிரிப்ட் உள்ள பக்கங்களைத் திறந்த சாதாரண ஆட்கள். எச்டிடிபியில் போன அந்த ஸ்கிரிப்ட்டை வழியிலேயே மாற்றி, அவர்கள் பிரவுசர்களை கிட்ஹப் மேல் ஏவிவிட்டார்கள். சிட்டிசன் லேப் என்கிற ஆய்வுக்குழு அதற்கு 'கிரேட் கேனன்' என்று பெயர் வைத்து அறிக்கை எழுதியது. அந்தப் பக்கங்களிலும் பேங்க் கணக்கு எதுவும் இல்லை.

இன்னும் கிட்டத்தில் வேண்டுமா? 2011 ஜனவரி, துனிசியா. ஃபேஸ்புக் உள்நுழைவுப் பக்கம் எச்டிடிபியில் போய்க்கொண்டிருந்தது, நடுவழியில் ஸ்கிரிப்ட் சேர்த்து நாடு முழுக்கக் கடவுச்சொல் உருவினார்கள். கடைசியில் ஃபேஸ்புக் அந்த நாட்டுக்காரர்களை எல்லாம் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றித்தான் சமாளித்தது.

அதோடு, இந்தச் சிற்றிதழின் ஆசிரியர் எங்கே லாகின் செய்கிறார்? இதே தளத்தின் வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கத்தில். சந்தாப் படிவத்தில் வாசகர்கள் வீட்டு முகவரியும் போன் நம்பரும் எழுதுகிறார்கள். இதெல்லாம் கவிதையா சார்?

வடகரை:
அக்கா சொன்னது சரி. ஆசிரியர் பயணத்தில் இருக்கும்போது லாட்ஜிலிருந்துதான் பெரும்பாலும் பதிவேற்றுவார். எனக்கு அது தோன்றவே இல்லை.

நல்லூரான்:
வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணத்தில ஒரு சின்னப் பத்திரிகையின்ர தளத்தைப் பாக்கிறன். உங்களுக்கு வயசான வாசகர்கள் கனபேர் இருப்பினம், அவையின்ர போன் எல்லாம் பழசு. ஆண்ட்ராய்டு 7.1-க்கு முந்தின போனில லெட்ஸ் என்க்ரிப்டின்ர புது வேர்ச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழை நம்பலாமோ எண்டு போன் ஒப்பிட்டுப் பாக்கிற அடிப்படைச் சான்றிதழ்) இல்லை. பழைய வேர் 2021 செப்டம்பர் 30-ஓட முடிஞ்சது. அதுக்குப் பிறகும் ஒரு குறுக்குக் கையொப்பத்தை (பழைய வேர் புது வேருக்குப் போட்ட சான்றை) வச்சு இழுத்துக்கொண்டு வந்தவை, அதுவும் 2024 செப்டம்பரோட சரி. இப்ப அந்தப் போனில குரோமில திறந்தா சான்றிதழ்ப் பிழைதான். எச்எஸ்டிஎஸ் இல்லாட்டி ஆள் எச்சரிக்கையைத் தாண்டி உள்ளுக்குப் போவார், பிழையான பழக்கம்தான், எண்டாலும் போவார். அதால ஹெடரைப் போட முதல் அக்சஸ் லாக்கில பழைய ஆண்ட்ராய்டு எவ்வளவு வருதெண்டு ஒருக்கா எண்ணிப் பாருங்கோ. எங்கட வாசகருக்கு நாங்கள் ஃபயர்ஃபாக்ஸ் போடச் சொன்னனாங்கள். அது வேர்ச் சான்றிதழ்களைத் தானே கொண்டு திரியிறபடியால் பிரச்சினை இல்லை.

வடகரை:
நன்றி அண்ணா. லாக்கைப் பார்த்தேன், ஒன்றிரண்டு பேர்தான். அதில் ஒருவர் எங்கள் மொழிபெயர்ப்பாளர்! அவருக்கு நேரில் போய் ஃபயர்ஃபாக்ஸ் போட்டுத் தருகிறேன்.

தூங்காநகரம்:
வந்துவிட்டேன். இன்க்ளூட்-சப்டொமைன்ஸ் பற்றி.

இந்தச் சொல்லை முதன்மை டொமைனில் போட்டால் அதன் கீழ் இருக்கிற எல்லாப் பெயரும் அடங்கும். இணையத்தில் தெரிகிறதா, அலுவலகத்துக்குள் மட்டும் இருக்கிறதா என்று பிரவுசர் பார்க்காது. சந்தா பார்க்கிறவர் காலையில் முதன்மைத் தளத்தை ஒரு தடவை திறந்தால் போதும், அதே பிரவுசரில் கணக்கு சப்டொமைனுக்குப் போகும்போது எச்டிடிபிஎஸ்ஸாகத்தான் போகும். அங்கே எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443-ஆம் போர்ட்டில் யாரும் இல்லை. "சர்வர் டவுன்" என்று உங்களைக் கூப்பிடுவார். நீங்கள் உங்கள் பிரவுசரில் திறந்தால் நன்றாக ஓடும், ஏனென்றால் நீங்கள் அன்றைக்கு முதன்மைத் தளத்துக்கே போயிருக்க மாட்டீர்கள். இந்த மாதிரிக் கோளாறில்தான் மண்டை காய்ந்துபோகும்.

அதற்காக அந்தச் சொல்லை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. முழு டொமைனுக்கும் பொதுவாக வைத்த குக்கீயில் செக்யூர் (எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் அனுப்பு) என்கிற குறி இல்லையென்றால், தாக்குபவன் இல்லாத ஒரு சப்டொமைன் பெயரைச் சொல்லி அதன் எச்டிடிபி படம் ஒன்றை ஏதாவது பக்கத்தில் சொருகினால் போதும். பிரவுசர் அந்தக் குக்கீயை வெட்டவெளியில் அனுப்பிவிடும். ஆகவே குக்கீகளுக்கு செக்யூர் குறி இன்றைக்கே போடுங்கள், அதற்கு எச்எஸ்டிஎஸ் வரை காத்திருக்க வேண்டாம்.

கணக்கு சப்டொமைனுக்குச் சான்றிதழ் வாங்க அந்தக் கணினியை இணையத்தில் திறந்துவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. டிஎன்எஸ்-01 சோதனை இருக்கிறது. டொமைன் பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் பதிவு வைத்துக் காட்டினால் சான்றிதழ் கிடைக்கும். உள் ஐபியில் இருந்தாலும் பிரச்சினையில்லை, எல்லாச் சப்டொமைனுக்கும் பொதுவான வைல்ட்கார்டு வேண்டுமானாலும் அதே வழிதான். டிஎன்எஸ் நிறுவனத்திடம் ஏபிஐ (நிரல் வழியாகப் பதிவை மாற்றும் வசதி) இருந்தால் புதுப்பித்தலும் தானாக நடக்கும்.

போர்ட்80:
சரி, ஒப்புக்கொள்கிறேன், நிர்வாகப் பக்கம் ஒரு காரணம்தான். அப்படியென்றால் பேசாமல் 80-ஆம் போர்ட்டையே மூடிவிட்டால் என்ன? என் பெயருக்கு இழுக்குதான், இருந்தாலும் கேட்கிறேன்.

கட்டளைவரி:
மூடினால் என்ன பாதுகாப்பு கூடும்? நடுவில் இருக்கிறவன் உங்கள் 80-ஐ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை, அவனே பதில் சொல்லிக்கொள்வான். நஷ்டம் உங்களுக்குத்தான். பழைய எச்டிடிபி சுட்டிகள் தொங்கிப்போகும். டொமைன் உங்களுடையதா என்று பார்க்கிற லெட்ஸ் என்க்ரிப்டின் எச்டிடிபி-01 சோதனை 80-இல்தான் ஆரம்பிக்கும். 301 இருந்தாலும் அது பின்தொடர்ந்து 443-க்குப் போகும், அங்கே சான்றிதழ் காலாவதியாகியிருந்தாலும் கண்டுகொள்ளாது. 80-ஐத் திறந்தே வையுங்கள், ரீடைரக்ட் தவிர வேறெதுவும் அதில் கொடுக்காதீர்கள்.

வடகரை கவனிக்க வேண்டிய இன்னொன்று: ரீடைரக்ட் வரிசை. நிறையப் பேர் எச்டிடிபி வெறும் டொமைனிலிருந்து நேராக எச்டிடிபிஎஸ் டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்குத் தாவுகிறார்கள். அப்படிச் செய்தால் வெறும் டொமைனின் ஹெடரைப் பிரவுசர் பார்க்கவே பார்க்காது, அதில் இருக்கிற இன்க்ளூட்-சப்டொமைன்ஸும் வேலைக்கு வராது. முதலில் அதே பெயரில் எச்டிடிபிஎஸ், அங்கே ஹெடரோடு இன்னொரு 301, பிறகு டபிள்யூடபிள்யூடபிள்யூ.

மீனலோசனி:
ப்ரீலோட் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் போடச் சொல்வேன். எச்எஸ்டிஎஸ்ஸின் பலவீனமே முதல் வருகைதான். லாட்ஜில் முதன்முதலாகத் தளத்தைத் திறக்கிறவரிடம் எந்தக் குறிப்பும் இருக்காது. ப்ரீலோட் பட்டியலில் இருந்தால் பிரவுசர் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வரும். குரோமியம் பராமரிக்கிற பட்டியல், ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் எட்ஜும் அதை ஒட்டியே தங்கள் பட்டியலை வைத்திருக்கின்றன.

மேக்ஸ்-ஏஜ் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடிகாரத்தை நம்பித்தான் நிற்கிறது என்பதையும் மறக்காதீர்கள். 2014-இல் பிளாக் ஹாட் ஐரோப்பா மாநாட்டில் ஆய்வாளர் ஹோசே செல்வி அதைக் காட்டினார். நேரம் சொல்லும் என்டிபி பாக்கெட்டை ஏமாற்றிக் கணினியின் தேதியை முன்னால் தள்ளிவிட்டால், குறிப்பு காலாவதி ஆகிவிட்டது என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும்.

கட்டளைவரி:
அக்காவோடு இங்கேதான் ஒத்துப்போக மாட்டேன். சர்வரிலிருந்து திரும்பப் பெற முடியாத வாக்குறுதி அது. சாதாரண எச்எஸ்டிஎஸ்ஸில் தப்பு நடந்தால், எச்டிடிபிஎஸ் உயிரோடு இருக்கிற வரைக்கும் மேக்ஸ்-ஏஜ் பூஜ்யம் என்று அனுப்பி அழிக்கலாம். ப்ரீலோடில் விலகல் விண்ணப்பம் போட வேண்டும், பிறகு அது அடுத்தடுத்த பிரவுசர் பதிப்பில் ஏறி ஆட்களைப் போய்ச் சேர மாதக்கணக்காகும்.

2019 ஜனவரி, அமெரிக்க அரசு முடங்கிக் கிடந்த நேரம். சம்பளம் இல்லாமல் ஆட்கள் வீட்டில், சான்றிதழைப் புதுப்பிக்க யாரும் இல்லை. 80-க்கும் மேற்பட்ட அரசுச் சான்றிதழ்கள் காலாவதியாகிவிட்டன என்று இணையப் பாதுகாப்பு நிறுவனம் நெட்கிராஃப்ட் எழுதியது. பல தளங்களில் எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போக முடிந்தது. நீதித்துறையின் ஒரு சப்டொமைன் மட்டும் சுத்தமாகச் சாத்திக்கொண்டது, ஏனென்றால் அதன் தாய் டொமைன் சப்டொமைன்களோடு ப்ரீலோட் பட்டியலில் இருந்தது. அத்தனை பெரிய துறைக்கே அந்தக் கதி. இங்கே சர்வர் பார்க்கிறவர் ஒரே ஆள். அவருக்கு டெங்கு வந்தால்?

மீனலோசனி:
அதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். நான் அதைச் சரியாக வேலை செய்ததாகப் பார்க்கிறேன். காலாவதியான சான்றிதழுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்வையாளருக்கு எப்படித் தெரியும்? பழுது புதுப்பிக்காமல் விட்டதில்தான், பூட்டில் இல்லை. அமெரிக்க அரசு 2015 ஜூனிலேயே தன் எல்லாத் தளங்களுக்கும் எச்டிடிபிஎஸ்ஸும் எச்எஸ்டிஎஸ்ஸும் கட்டாயம் என்று உத்தரவு போட்டுவிட்டுத்தான் இதில் இறங்கியது, விவரம் தெரியாமல் இல்லை.

தூங்காநகரம்:
இரண்டு பேர் சொல்வதும் இருக்கட்டும். நடைமுறையில் ஒன்று: ப்ரீலோட் என்ற சொல்லை ஹெடரில் எழுதினாலே அது சம்மதம் கொடுத்ததாகக் கணக்கு. மேக்ஸ்-ஏஜ் ஒரு வருஷத்துக்குக் குறையாமல், இன்க்ளூட்-சப்டொமைன்ஸும் சேர்ந்து, ரீடைரக்டும் ஒழுங்காக இருந்தால் யார் வேண்டுமானாலும் போய் உங்கள் டொமைனைப் பட்டியலுக்கு விண்ணப்பிக்கலாம். வலைப்பதிவிலிருந்து ஒட்டுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. விண்ணப்பிக்கப் போவதில்லை என்றால் அந்தச் சொல் அங்கே இருக்கக் கூடாது.

டாட் டெவ் நினைவிருக்கிறதா? உள்ளூர் சோதனைக்கு அந்த முடிவைப் பலர் வைத்திருந்தார்கள். 2017 டிசம்பரில் குரோம் 63 வந்த அன்று எல்லாம் எச்டிடிபிஎஸ் கேட்க ஆரம்பித்தது. ஒட்டுமொத்த டாட் டெவ்வையும் கூகுள் பட்டியலில் போட்டுவிட்டது. எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு முழுக்கப் பெயர் மாற்றும் வேலைதான்.

மேலும், 2026 அக்டோபரில் குரோம் 154 முதல் பொதுத் தளங்களுக்கு எச்டிடிபியில் போவதற்கு முன் கேட்டுவிட்டுத்தான் போகும் என்று கூகுள் அறிவித்திருக்கிறது. முதல் வருகை ஓட்டை அதோடு பெரும்பாலும் சுருங்கிவிடும். சிறு தளத்துக்கு ப்ரீலோட் அவசரமில்லை என்பது என் கணக்கு.

வடகரை:
ப்ரீலோட் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், அக்கா மன்னிக்கவும். மேக்ஸ்-ஏஜை 300 நொடியில் ஆரம்பித்திருக்கிறேன், சப்டொமைன்கள் இல்லாமல். இதில் ஒரு விசித்திரம். கர்ல் கட்டளை போட்டுப் பார்த்தால் முகப்பில் ஹெடர் வருகிறது. படங்கள் இருக்கிற அடைவில் வரவில்லை. இல்லாத பக்கத்துக்கு 404 வரும்போதும் இல்லை. சர்வர் பிளாக்கில்தானே எழுதியிருக்கிறேன்?

கட்டளைவரி:
என்ஜின்எக்ஸின் பழைய வம்பு. படங்களுக்கான லொகேஷன் பிளாக்கில் (அந்த அடைவுக்கான அமைப்புப் பகுதி) கேஷ் கன்ட்ரோலுக்காகத் தனி ஆட்-ஹெடர் வரி வைத்திருப்பீர்கள். உள் பிளாக்கில் அப்படி ஒரு வரி இருந்தாலே மேலே உள்ள ஆட்-ஹெடர் எதுவும் கீழே இறங்காது. எச்எஸ்டிஎஸ் வரியைத் தனிக் கோப்பில் எழுதி, ஆட்-ஹெடர் இருக்கிற ஒவ்வொரு லொகேஷனிலும் இன்க்ளூட் செய்யுங்கள். 404-க்குக் காரணம் வேறு. வரியின் கடைசியில் ஆல்வேஸ் என்று சேர்க்காவிட்டால் 200, 301 போன்ற சில பதில்களுக்கு மட்டும்தான் ஹெடர் ஒட்டும். அப்பாச்சிக்காரர்களுக்கும் இதே பாடம், "ஹெடர் ஆல்வேஸ் செட்" என்று, 443-இன் விர்ச்சுவல் ஹோஸ்ட்டுக்குள்.

சர்வருக்கு முன்னால் கிளவுட்ஃப்ளேர் மாதிரி இடைநிலைச் சேவை எதுவும் இல்லையே? ஃப்ளெக்ஸிபிள் என்று வைத்திருந்தால் அது உங்கள் சர்வரிடம் எச்டிடிபியில் வரும், நீங்கள் 301 போடுவீர்கள், அது மறுபடி எச்டிடிபியில் வரும், சுற்றிக்கொண்டே இருக்கும்.

வடகரை:
இல்லை அண்ணா, நேராகத்தான். இரண்டும் சரியாகிவிட்டன, நன்றி. பழைய பதிவுகளில் படங்களின் முகவரி எச்டிடிபி என்றே எழுதியிருக்கிறது, நூற்றுக்கணக்கில். அதை எச்எஸ்டிஎஸ் பார்த்துக்கொள்ளுமா?

மீனலோசனி:
அதை நம்பாதீர்கள். பிரவுசர் கலப்பு உள்ளடக்கத்தை (எச்டிடிபிஎஸ் பக்கத்துக்குள் வருகிற எச்டிடிபி படம், ஸ்கிரிப்ட்) சோதிப்பது எச்எஸ்டிஎஸ்ஸுக்கு முன்னால். கன்டென்ட்-செக்யூரிட்டி-பாலிசி என்கிற இன்னொரு ஹெடரில் அப்கிரேட்-இன்செக்யூர்-ரிக்வெஸ்ட்ஸ் என்று போடுங்கள், அன்றைக்கே சத்தம் அடங்கும். நிதானமாகத் தரவுத்தளத்தில் தேடி மாற்றிவிடுங்கள். சந்தாப் படிவம் எச்டிடிபி முகவரிக்கு போஸ்ட் செய்கிறதா என்றும் பாருங்கள். 301-இல் போஸ்ட் (தரவை அனுப்புவது) பெரும்பாலும் கெட்டாக (பக்கத்தை மட்டும் கேட்பதாக) மாறிவிடும், நிரப்பியதெல்லாம் காற்றோடு போகும். மாறாமல் போக வேண்டுமானால் 308 ரீடைரக்ட். படிவத்தின் முகவரியையே திருத்துவது உத்தமம்.

ப்ரீலோட் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஒரு வருஷம் ஓட்டிவிட்டு வாருங்கள், மறுபடி சண்டை போடலாம்.

நல்லூரான்:
தம்பி, 300 நொடியில இருந்து ஒரு கிழமை, பிறகு ஒரு மாசம், பிறகு ஒரு வருஷம் எண்டு ஏத்துங்கோ. ஒவ்வொரு படியிலயும் ஆரும் முறையிடுகினமோ எண்டு பொறுத்துப் பாருங்கோ. ஏத்த முதல் புதுப்பித்தல் ஒழுங்கா நடக்குதோ எண்டும் பாக்கவேணும். காலாவதி மின்னஞ்சல் அனுப்புறதை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனோட நிப்பாட்டிப்போட்டுது. சான்றிதழின்ர ஆயுளும் குறைஞ்சுகொண்டு வருது, 2029 மார்ச்சில கூடினது 47 நாள்தான் எண்டு சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் முடிவெடுத்திட்டுது.

வடகரை:
சான்றிதழைப் புதுப்பிக்கிற செர்ட்பாட் நிரலின் டைமர் ஓடுகிறது, ட்ரை-ரன் ஒத்திகையும் சரியாக வருகிறது. அது போதுமா?

தூங்காநகரம்:
போதாது. வெப்ரூட் (தளத்தின் அடைவில் சோதனைக் கோப்பு வைக்கும்) முறையில் எடுத்திருந்தால் செர்ட்பாட் புதுக் கோப்பை வட்டில் எழுதிவைத்துவிட்டுப் போய்விடும், என்ஜின்எக்ஸ் நினைவகத்தில் பழசையே வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். புதுச் சான்றிதழ் வந்ததும் ஓடுகிற டிப்ளாய்-ஹூக்கில் என்ஜின்எக்ஸ் ரீலோடு போடுங்கள். வட்டில் இருக்கிற கோப்பின் தேதியைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். வெளியிலிருந்து ஓபன்எஸ்எஸ்எல் கொண்டு 443-இல் இணைத்து, அங்கே என்ன தேதி வருகிறது என்று தினமும் பார்க்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டை வேறொரு கணினியில் கிரான் கால அட்டவணையில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குக் கீழே வந்தால் உங்களுக்கும் ஆசிரியருக்கும் சேர்த்துத் தகவல் போகட்டும்.

வடகரை:
ஹூக் இல்லை, இப்போதுதான் பார்த்தேன். இன்றைக்கே போடுகிறேன். கணக்கு சப்டொமைனுக்கு டிஎன்எஸ்-01 எடுத்தாயிற்று. காப்பகம்தான் பாக்கி. அந்த ஷேர்டு ஹோஸ்டிங்கில் இலவசச் சான்றிதழ் கிடையாதாம், தனியாகக் காசு கேட்கிறார்கள்.

தூங்காநகரம்:
காப்பகம் வெறும் பிடிஎஃப்தானே? உங்கள் சர்வருக்கே இழுத்துவந்துவிடுங்கள். டிஎன்எஸ்ஸில் டிடிஎல்லை (பழைய முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) முந்தின நாளே குறைத்துவையுங்கள். அது முடிந்த பிறகு இன்க்ளூட்-சப்டொமைன்ஸ், அதுவும் மறுபடி 300-இலிருந்து.